வசூல்காரன் பேண்ட்டுக்குப் பன்னிரண்டாவது பாடு

எங்கள் தோணிரேவில் புயலுக்குக்கூட அஞ்சாதவர்கள் உண்டு. மிஷின்காரம்மாவுக்கு அஞ்சாதவர் ஒருவர்கூடக் கிடையாது. வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே திட்டுவாள். ஒரு ஊசிகூடக் கீழே விழாது.

பத்துப் பெண்கள் சேர்ந்த குழுவில் கடன் வாங்கித் தையல் மிஷின் போட்டவள் அவள். எங்கள் ஏரியில் இன்றைக்கு இந்த இடத்தில் இன்னார்தான் வலை விடலாம் என்று முறை உண்டு. அதைப் பாடு என்போம். எனக்கு நல்ல பாடு வந்த அன்றைக்குத்தான் வயிற்றுப்போக்கும் வரும், அது வேறு கதை. இவள் ஜாக்கெட்டுக்கும் பாடு வைத்துவிட்டாள். ஊர்த் தலைவர் சம்சாரம் கல்யாண அவசரம் என்று வந்து நின்றாள்.

"உன் பாடு வெள்ளிக்கெழம. அதுவரிக்கும் பழச போட்டுனு போ."

கல்யாணம் வியாழக்கிழமை!

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மண் அடைத்து, ஏரியில் மீனே இல்லாமல் போன வருஷம். குழுவிலிருந்த குப்பம்மாளால் தவணை கட்ட முடியவில்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேர் கட்ட வேண்டுமாம். மீன் வராததற்கு அவள் என்ன செய்வாள்? வசூலுக்கு வந்தவன், மிஷின்காரம்மா வீட்டு வாசலில் ஊர் பார்க்கக் குப்பம்மாளைக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டான்.

"கட்டலன்னா இந்த மிஷினத் தூக்கினு போயிடுவேன்!" என்று குனிந்து பிடித்தான்.

டர்ரென்று ஒரு சத்தம். பேண்ட் பின்பக்கம் இரண்டாகப் பிளந்தது.

நான்தான் என் துண்டைக் கொடுத்தேன். இரக்கப்பட்டு அல்ல. அவன் ஓடிவிட்டால் வேடிக்கை போய்விடுமே.

"அக்கா, ஒரு தையல் போட்டுக் குடுங்கக்கா."

"உனுக்கு முன்னாடி பதினோரு ஜாக்கெட்டு கீது. குந்து."

"அவசரம்க்கா!"

"அவளுக்கு மட்டும் மீனு அவசரமா வந்துடுமா? அவ பாடு வர்ற வரிக்கும் நீ குந்துனியா? இப்போ குந்து!"

சாயங்காலம் வரை துண்டோடு குந்தியிருந்தான். ஊரே வந்து பார்த்தது. பன்னிரண்டாவதாகத் தைத்துக் கொடுத்தாள்.

"முகத்துவாரம் தொறந்தப்புறம் வரேன்க்கா" என்று போனான். மிஷின் தப்பியது. என் துண்டுதான் போனது, பாவி திருப்பித் தரவேயில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் போக இருந்த என் ஒரே நல்ல சட்டை தோளில் கிழிந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"செவ்வாக்கெழமதான், பெர்சு!"

மறுநாள் விடிந்தால் என் வாசல் கொடியில் சட்டை தொங்குகிறது. கிழிசலும் உடைந்த பட்டனும் சரியாகியிருந்தன. போய்க் கேட்டேன்.

"எவ சொன்னது நான் தெச்சேன்னு? போ அந்தாண்ட!"

கத்தியபோது அவள் வாயிலிருந்து ஒரு ஊசி கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.