மாமரத்துக்கு மருந்து அடிக்கப் போன ஞாயிறு

அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. மாமரத்துக்கு மருந்து அடிக்கணும். அவ்ளோதான்.

கொஞ்சம் வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு, வெதுவெதுன்னு தண்ணி. கலக்கு, பம்புல ஊத்து, பூ மேல அடி. எட்டு மணிக்குள்ள முடிச்சிட்டு இட்லி சாப்பிட உக்காரலாம்னு நினைச்சேன்.

உக்காந்தப்ப மத்தியானம் மூணு மணி.

எங்க வீடு மரக்காணத்துல. உப்பளத்துலேர்ந்து நடந்தா பத்தே நிமிஷம். இந்த ஊர்ல செடி வளர்க்கறவனை எல்லாரும் ஒரு மாதிரிதான் பார்ப்பாங்க. மண்ணு உப்பு, காத்து உப்பு, போர் தண்ணியும் உப்பு. அந்தத் தண்ணியில பருப்பு கூட வேகாது. அப்படிப்பட்ட இடத்துல நான் திண்டிவனம் பக்கத்துலேர்ந்து ஒரு லோடு செம்மண்ணு கொண்டாந்து கொட்டி, ஒரு ஒட்டு மாங்கன்னு நட்டேன்.

ஏழு வருஷம் ஆச்சு. இலைன்னா இலை, அப்படி ஒரு இலை! பூ மட்டும் கிடையாது. சொந்தக்காரங்க வீட்டு விசேஷம்னா தோரணத்துக்கு மாவிலை கேட்டு போன் வரும். வேற எதுக்கும் எங்களுக்கு போன் வராது.

என் வீட்டுக்காரி கல்பனாவுக்கு அந்த மரம் நிக்கற இடத்துல ஸ்கூட்டிக்கு ஒரு தகர ஷெட்டு போடணும். வண்டி வெயில்ல நின்னு நின்னு, கடல்காத்து பட்டுப் பட்டு, துருப்பிடிச்சுப் போவுது. நியாயமான கோரிக்கைதான், நான் இல்லன்னு சொல்லலை. போன தீபாவளிக்கு இதுக்காகப் பெரிய சண்டை நடந்து, கடைசியில ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிட்டோம்.

"இந்த வருஷம் ஒரே ஒரு காய் காய்க்கட்டும். ஒன்னே ஒன்னு. காய்ச்சா மரம் இருக்கும், நான் வாயே திறக்க மாட்டேன். இல்லன்னா சித்திரையில மேஸ்திரி வருவாரு, மரம் போவும். சம்மதமா?"

சம்மதம்னு சொல்லிட்டேன். வேற வழி?

மாசி பொறந்துச்சு. தோட்டம் முழிச்சிக்கிச்சு. கவாத்து பண்ணி மொட்டையா நின்ன குண்டுமல்லி துளிர் விட்டுச்சு. முருங்கை வெள்ளை வெள்ளையா பூத்துக் கொட்டுச்சு. ஒரு நாள் காலையில காப்பி டம்ளரோட வெளியே வந்து நிமிர்ந்து பார்க்கறேன், மாமரத்து உச்சியில பூ!

சத்தியமா சொல்றேன், எனக்குக் கை கால் ஓடலை. அன்னிலேர்ந்து தினமும் காலையில அரை மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம், அண்ணாந்து பார்த்துக்கிட்டே நிப்பேன். ஏழு வருஷத்துக்கும் சேர்த்து வெச்சுப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பார்த்தா, இலையெல்லாம் பிசுபிசுன்னு இருக்குது. உரக்கடைக்காரர்கிட்ட ஒரு இலையைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"தத்துப்பூச்சி சார். ஞாயித்துக்கிழமைக்குள்ள வேப்பெண்ணெய் அடிச்சிடுங்க. விட்டீங்கன்னா பூ மொத்தமும் கருகிக் கொட்டிடும்"னு சொல்லிட்டாரு.

சரி. இப்ப ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன்.

காலையில ஆறு மணிக்கு எழுந்தேன். உடம்பு எழுந்துச்சு, கழுத்து எழுந்துக்கலை. தலை இடது பக்கம் பார்த்தபடியே நின்னுபோச்சு. திருப்பலாம்னு பார்த்தா முதுகு வரைக்கும் சுரீர்னு இழுக்குது.

"கல்பனா... கழுத்து பிடிச்சிக்கிச்சு."

"அதை ஏங்க பீரோகிட்ட சொல்றீங்க? நான் இங்க இருக்கேன்."

அவ வலது பக்கம் நின்னுக்கிட்டு இருந்தா. சுத்தி வந்து என் மூஞ்சிக்கு நேரா நின்னு, ஒரு நிமிஷம் உத்துப் பார்த்துட்டு, வயித்தைப் பிடிச்சிக்கிட்டு சிரிச்சா. சிரிச்சு முடிச்சப்புறம் தைலம் எடுத்தாந்து தேய்ச்சா. காதுலேர்ந்து தோள்பட்டை வரைக்கும் தேய்ச்சிட்டு, கையில மிச்சம் இருந்ததை என் மூக்குக்குக் கீழ தடவிட்டா. அதுக்கப்புறம் ஒரு கூடை கருவாட்டை முன்னாடி வெச்சாலும் எனக்குத் தைலம்தான் அடிச்சிருக்கும்.

"இன்னிக்கு மருந்தும் வேணாம் ஒன்னும் வேணாம். படுங்க."

"பூச்சி ஞாயித்துக்கிழமை லீவு எடுக்குமா?"

"இதையும் பீரோகிட்டயே கேளுங்க"ன்னுட்டு உள்ளே போயிட்டா.

நான் விடுவேனா? கொல்லையில துணி துவைக்கிற கல்லுகிட்ட போய், நீலக் கலர் பக்கெட்ல மருந்தைக் கலக்கினேன். கலக்கி, கல்லுக்கு இடது பக்கமா வெச்சேன். ஏன் இடது பக்கம்? அந்தப் பக்கம்தானே எனக்குக் கண்ணு தெரியுது!

அப்பதான் பக்கத்து வீட்டு மேரி அக்கா காலைப் பூசை முடிஞ்சு வந்தாங்க. முப்பது வருஷம் உப்பளத்துல உப்பு வாரினவங்க. மதில் ஓரமா நின்னு என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க.

"என்னா தம்பி, யாரைத் தேடற?"

"யாரையும் தேடலக்கா. கழுத்து பிடிச்சிக்கிச்சு."

"அட! இதுக்கா நிக்கற? நான் கால் முன்னாடி வந்து பொறந்தவ. நான் மூணு உதை உதைச்சா எப்பேர்ப்பட்ட சுளுக்கும் ஓடிப்போவும்."

நான் வேணாங்க்கான்னு சொல்றதுக்குள்ள, கல்பனா ஓடியாந்து பாயை விரிச்சிட்டா. "நல்லா உதைங்கக்கா!" கல்யாணமான பதினாலு வருஷத்துல அவ மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்ல.

குப்புறப் படுத்தேன். மேரி அக்கா சிலுவை போட்டுக்கிட்டாங்க. "மன்னிச்சிக்கோ தம்பி"ன்னாங்க. உதைச்சாங்க.

முப்பது வருஷம் சேத்துல நின்ன காலுங்க அது!

ரெண்டாவது உதைக்கு எனக்குச் செத்துப்போன எங்க பெரியப்பா தெரிஞ்சாரு. மூணாவதுக்கு கழுத்துல 'மளுக்'னு ஒரு சத்தம்.

"திரும்பிடுச்சு, திரும்பிடுச்சு!"ன்னு ரெண்டு பேரும் கத்தறாங்க. ஆமா, திரும்பிடுச்சு. இடது பக்கம் பார்த்த தலை, நடுவுல ஒரு செகண்டு கூட நிக்காம, நேரா வலது பக்கம் போய் நின்னுக்கிச்சு.

மேரி அக்கா கன்னத்துல கை வெச்சுக்கிட்டாங்க. "கொஞ்சம் ஓவராப் போயிடுச்சு போலருக்குதே. திருப்பி ஒன்னு விடட்டா?"

"ஐயோ வேணாங்க்கா! இந்தப் பக்கமே நல்லாதான் இருக்குது."

கல்பனாவுக்குக் கொஞ்சம் பாவமா ஆயிடுச்சு. "இருங்க, உப்புத் தண்ணி ஒத்தடம் தர்றேன்"னா. எங்க ஊர்ல உப்பு பாக்கெட்ல வராது, மூட்டையில வரும். ஸ்பூன்ல எல்லாம் அள்ள மாட்டாங்க. ரெண்டு சொம்பு கல்லுப்பை அள்ளி வெந்நீர்ல கொட்டி, கொஞ்சம் மஞ்சத்தூள் போட்டு, பக்கெட்டைக் கொண்டாந்து துவைக்கிற கல்லுகிட்ட வெச்சா. வலது பக்கம். அதுவும் நீலக் கலர் பக்கெட்தான், ஒரே கடையில ஒரே நாள்ல வாங்கினது.

துண்டு எடுக்க உள்ளே போனா. போன இடத்துல அவங்கம்மா போன் வந்துடுச்சு. அவங்கம்மா போன்னா அரை மணி நேரம்.

வெயில் ஏறுது. பூச்சி தின்னுக்கிட்டு இருக்குது. சும்மா நிக்க மனசு வரலை. திரும்பி கல்லுகிட்ட போனேன். கண்ணுக்கு ஒரே ஒரு பக்கெட் தெரிஞ்சுச்சு. மஞ்சளா கலங்கி இருந்துச்சு, தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுன்னும் இருந்துச்சு. எடுத்து பம்புல ஊத்தினேன். அடியில ஏதோ நறநறன்னு நின்னுச்சு. சோப்பு சரியா கரையலை போலன்னு நினைச்சுக்கிட்டேன். என் அறிவு அவ்ளோதாங்க!

அடுத்த பிரச்சினை, அண்ணாந்து பார்க்க முடியாது. வலது பக்கம் மேரி அக்கா வீட்டு மதில் மட்டும்தான் தெரியுது. அதனால மதில் மேல கையை ஊனிக்கிட்டு மேரி அக்கா வழி சொன்னாங்க.

"இன்னும் மேல தம்பி... ஆங்... கொஞ்சம் இப்படிக்கா... அந்தக் கொத்துக்கு விடு... விடு... டேய், அது என் மூஞ்சி!"

"மன்னிச்சிக்கோங்கக்கா!"

இப்படியே ஒரு பம்பு முழுக்க அடிச்சிட்டேன். ஒரு கொத்து கூட விடலை. பெருமையா இருந்துச்சு. அந்த நேரம் பார்த்து கல்பனா போனை முடிச்சிட்டு வந்து, மீதி இருந்த பக்கெட்ல துண்டை முக்கிப் பிழிஞ்சு, என் கழுத்துல சொத்துன்னு போட்டா.

"ஏங்க... உப்புத் தண்ணி எதுக்குங்க நுரைக்குது?"

மதிலுக்கு அந்தப் பக்கம் மேரி அக்கா நாக்கால உதட்டைத் தடவிப் பார்த்தாங்க.

"தம்பி, வேப்பெண்ணெய்னா கசக்கணும் இல்ல? இது கரிக்குதே!"

கல்பனா ரெண்டு பக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தா. புயல் காத்துல உப்பு சாரல் பட்டா இலை என்ன ஆவும்னு இங்க சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும். ரெண்டு சொம்பு கல்லுப்பு! அதுவும் பூ மேல! ஏழு வருஷம் காத்திருந்து வந்த பூவை என் கையாலயே கருவாடு போட்டுட்டேன்.

"கழுவணும். வெயில் ஏறுறதுக்குள்ள கழுவணும்"னு குழாயைப் பார்த்து ஓடினேன்.

"ஏங்க! அது போர் தண்ணி! அதுவும் உப்புதான்!"

பஞ்சாயத்து தண்ணி காலையில ஆறு மணிக்கே வந்து நின்னுபோச்சு. நல்ல தண்ணின்னு வீட்டுல இருந்தது குடிக்கிற கேன் ரெண்டே ரெண்டு. அதுவும் ஞாயித்துக்கிழமை, கேன் போடறவர் வர மாட்டாரு. நான் திருதிருன்னு முழிக்கறேன், அதுவும் வலது பக்கமா.

கல்பனா நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டா. உள்ளே போய் ஒரு கேனை இடுப்புல தூக்கிட்டு வந்தா. பம்பைக் கழுவி, கேன் தண்ணியை ஊத்தி, ஏணியைச் சாத்தி, மேல ஏறிட்டா!

"நீங்க ஏணியைப் பிடிங்க. பார்த்துப் பிடிக்க வேணாம், சும்மா பிடிங்க."

நான் பிடிச்சேன். அவ கொத்து கொத்தா, மெதுவா, பூ உதிராம கழுவறா. ஒரு கேன் தீர்ந்துச்சு. ரெண்டாவதும் தீர்ந்துச்சு. மேரி அக்கா அவங்க வீட்டுக் கேனையும் ரெண்டு குடம் பஞ்சாயத்து தண்ணியையும் கொண்டாந்து கொடுத்தாங்க.

"ஞானஸ்நானத்துக்குக் கூட எங்க ஃபாதர் இவ்ளோ தண்ணி ஊத்த மாட்டாரு"ன்னாங்க.

ரோட்ல போறவங்க எல்லாம் நின்னு பார்க்கறாங்க. ஒருத்தர் சைக்கிளை நிறுத்திட்டு, "ஏம்பா, மரத்துக்கு மினரல் வாட்டரா? வசதிதான்!"னு சொல்லிட்டுப் போறாரு.

எனக்கு மனசு கேக்கலை. ஏணியைப் பிடிச்சபடியே கேட்டுட்டேன். "ஏன் கல்பனா, மரம் போனா உனக்கு ஷெட்டுதானே? நீ எதுக்கு இவ்ளோ கஷ்டப்படற?"

மேலேர்ந்து சத்தம் வருது. "தானா காய்க்காம போச்சுன்னா அது வேற. நீங்க உப்பு போட்டுக் கொன்னா அது செல்லாது. ஒப்பந்தம்னா ஒப்பந்தம்!"

எல்லாம் முடிஞ்சு, மிச்சம் இருந்த நிஜ மருந்தையும் அவளே அடிச்சு இறங்கறப்ப மூணு மணி. குடிக்க வீட்டுல ஒரு சொட்டு தண்ணி இல்ல. காஞ்சுபோன இட்லியை மோர் விட்டு முழுங்கினோம்.

மறுநாள் பாதிப் பூவு நுனி கருகிப்போச்சு. அதுக்கும் மறுநாள் மரத்தடி முழுக்கப் பூ. எனக்கு அழுகை வந்துடுச்சுங்க. நாப்பத்தாறு வயசு ஆளு, மாம்பூவைக் கையில அள்ளி வெச்சுக்கிட்டு அழுவறேன். கல்பனா தொடப்பத்தோட வந்தவ, என்னைப் பார்த்துட்டு, பெருக்காம திரும்பிப் போயிட்டா. ஷெட்டுங்கற வார்த்தையே அவ வாயிலேர்ந்து வரலை.

கழுத்து புதன்கிழமை தானா நேரா வந்துடுச்சு. மேரி அக்கா உதைதான் காரணம்ங்கறாங்க. கல்பனா தைலம்ங்கறா. நான் வேப்பெண்ணெய்னு சொல்றேன். அதுக்கப்புறம் என் கழுத்துல ஒரு பூச்சி கூட உக்காரலைங்க!

பங்குனி கடைசியில, நாங்க ரெண்டு பேரும் மரத்தடியில நின்னுக்கிட்டு இருக்கோம், கல்பனா போன் அடிச்சுது. ஸ்பீக்கர்ல போட்டா. மேஸ்திரி.

"சித்திரை வருதும்மா. ஷெட்டுக்கு அளவெடுக்க எப்ப வரட்டும்?"

கல்பனா நிமிர்ந்து மேல பார்த்தா. இலை நடுவுல, நெல்லிக்கா சைசுக்கு மூணு பிஞ்சு தொங்குது. அவ கண்ணு வேற கலங்கி இருந்துச்சு, ஆனா குரல் மட்டும் கறாரா வந்துச்சு.

"மேஸ்திரி, உங்க தகர ஷெட்டு காய்க்குமா?"

"...என்னம்மா?"

"காய்க்காது இல்ல? அப்ப வேணாம்."

போனை வெச்சிட்டு என் பக்கம் திரும்பினா. மூணுல ஒன்னு கழுவின தண்ணிக்கு மேரி அக்காவுக்காம். ஒன்னு ஏணியில ஏறினதுக்கு அவளுக்காம். மூணாவது, அவங்கம்மாவுக்காம்.

கழுத்து குணமானதுல எனக்கு ஒரு பெரிய சௌகரியம்ங்க, இப்ப எதுக்கும் தலையாட்ட முடியுது.