கடைசிப் பகுதி கிண்ணியாவில்

யாராவது என்னிடம், "வாசிக்க நல்ல மர்மநாவல் ஒன்று சொல்லுங்கோ" என்று கேட்டால் நான் உடனே மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன். மழை இல்லாத மாதமென்றால் வெயிலைப் பற்றி. மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஒரு புத்தகத்தை நல்லது என்று சொன்னவன் அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பாளி ஆகிவிடுகிறான். அந்தப் பொறுப்பை ஒருமுறை சுமந்தேன். அந்த முதுகுவலி இன்னும் போகவில்லை.

அப்போது நான் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கந்தோரில் களஞ்சிய எழுதுவினைஞன். ஆணிகளையும் கயிறுகளையும் பேரேட்டில் பதிவதுதான் உத்தியோகம். இந்தியாவிலிருந்து புத்தகம் வருவது அருமையாக இருந்த காலம் அது. யாராவது தலைமன்னார் கப்பலில் போய் வந்தால், சேலைகளுக்கு நடுவே ஒரு புதிய மர்மநாவல் வந்து சேரும். ஒரு பிரதி, வாசிக்க ஆறு பேர். ஆகவே நூலை அவிழ்த்து, நாவலை நாலு பகுதியாகப் பிரித்துத் தனித்தனியாகத் தைத்து, வரிசைப்படி கைமாற்றுவோம்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. எங்களில் ஒருவர் (பேர் வேண்டாம், இப்போது கோவில் தர்மகர்த்தா) முடிவை முதலில் வாசித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், "சமையல்காரன்தான் ஆள்!" என்று உளறிவிட்டார். மற்ற ஐந்து பேரும் சோற்றுக் கையோடு எழும்பிவிட்டோம். அன்றைக்கே ஒரு சட்டம் போட்டோம். புதிய நாவல் வந்தவுடன் அதன் நாலாம் பகுதியை ஒருவரும் பாராமல் வெட்டி, மண்ணிறக் கடதாசியில் சுற்றித் தைத்து, கிண்ணியாவுக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே குறிஞ்சாக்கேணியில் நிசாம் மாஸ்டர் இருந்தார். விவசாயம் படிப்பிக்கிறவர். நெல்லு, பசளை தவிர வேறொன்றும் வாசிக்கமாட்டார். பொய்க்கதைகளில் துளியும் ஆசை இல்லாத அவரைவிட நல்ல காவல்காரன் கிடைப்பானா? முதல் மூன்று பகுதியையும் முடித்தவர், பஸ் ஏறி, துறையில் இறங்கி, பாதையில் (வாகனங்களை ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கம் பாதை என்றுதான் பேர்) மறுகரைக்குப் போய், மாஸ்டர் வீட்டில் தேத்தண்ணி குடித்து, கொலைகாரனை வாங்கிவந்து, வாசித்ததும் அவரிடமே திருப்பிச் சேர்த்துவிட வேண்டும். இரண்டாவது சட்டம், முடிவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

முதல் புத்தகத்துக்கு நானும் போனேன். பஸ் வரவில்லை. வந்த பஸ்ஸில் இடமில்லை. துறையில் பாதை மறுகரையில் நின்றது. அது இந்தக் கரைக்கு வந்தபோது ஒரு நெல் லொறி ஏறுவதா விடுவதா என்று அரை மணி நேரம் யோசித்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. இவ்வளவும் பட்டு வாங்கி வந்து பார்த்தால், நான் இரண்டாம் பகுதியிலேயே நினைத்த ஆள்தான் கொலைகாரன். எனக்கு அப்படியொரு களைப்பு வந்தது. அதற்குப் பிறகு நான் கிண்ணியாப் பக்கம் போகவேயில்லை.

ஆனால் சிபாரிசு செய்வதை நிறுத்தவில்லை. அங்கேதான் என் புத்தி. புத்தகம் வந்ததும் முதல் ஆளாய் முதல் மூன்று பகுதியையும் விழுங்கிவிடுவேன். பிறகு சில நாள் கழித்து, நெற்றியைத் தடவிக்கொண்டு, "முடிவு... சொல்லி வேலையில்லை" என்பேன். சொல்லக் கூடாது என்பதுதானே சட்டம்! ஒருவரும் மேலே கேட்க முடியாது. இரண்டு வருடம் இப்படியே ஓடியது. முதல் புத்தகத்துக்குப் பிறகு ஒரு முடிவுகூட வாசியாமல், துறைமுகக் கந்தோர்களிலேயே பெரிய மர்மநாவல் நிபுணன் என்று பேரெடுத்தேன். பக்கத்துக் கந்தோர்க்காரர்கள்கூட, "சிவத்தைக் கேளுங்கோ, அவன் சொன்னால் சரி" என்பார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையை ஆட்டுவேன்.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கலியாணப் பேச்சு நடந்தது. பெண் பத்மா, அன்புவழிபுரம், ஆசிரியை. காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். அவள் சம்மதம் அவள் சிரிப்பிலேயே தெரிந்தது. சாதகமும் பொருந்திவிட்டது. பொருந்தாமல் இருந்தவர் அவளுடைய தகப்பன் அம்பலவாணர் மட்டும்தான். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக முப்பது வருடம் இருந்து இளைப்பாறியவர். எத்தனையோ திருடர்களின் பொய்களை மூன்று பாஷையில் கேட்ட மனிதர். என் அக்கா மூன்று மாதமாகப் போய்க் கேட்க, மூன்று மாதமாக, "பாப்பம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மாரியில் அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்டு ஆறு கிழமை படுக்கை. பஸ்ஸில் பத்மா மெல்லக் கேட்டாள்.

"அப்பாவுக்குப் பொழுது போகுதில்லை. வீட்டிலை எல்லாரையும் குறுக்கு விசாரணை செய்யிறார். நல்ல மர்மக்கதை ஒண்டு பார்த்துத் தருவீங்களோ?"

கடவுளே கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். அன்று பின்னேரமே, புதிதாக வந்திருந்த நாவலின் மூன்று பகுதிகளோடு போனேன். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார்.

"திறமான கதையோ?"

"ஐயா, முடிவை வாசிச்சிட்டு எனக்கு ரெண்டு நாள் நித்திரை இல்லை," என்றேன். (ஒரு நாள் என்றாவது சொல்லியிருக்கலாம்.)

"அப்ப நாலாம் பகுதி?"

"சனிக்கிழமை நானே போய் எடுத்துக்கொண்டு வாறன் ஐயா."

உண்மையிலேயே போகத்தான் இருந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை காற்று எழும்பிவிட்டது. பாதை ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் துறைப்பக்கம் போகும் பஸ் கொண்டக்டரிடம், "அன்புவழிபுரத்திலை அம்பலவாணர் எண்டு ஒருத்தர் படுக்கையிலை இருக்கிறார், அவருக்குக் கடைசிப் பகுதி அவசரமாம் எண்டு நிசாம் மாஸ்டருக்கு எப்பிடியாவது சொல்லிவிடுங்கோ" என்று சொல்லிவைத்தேன். காற்று விட்டதும் மாஸ்டர் யாரிடமாவது கொடுத்துவிடுவார் என்பது என் கணக்கு.

ஞாயிறு மத்தியானம் அம்பலவாணர் ஆள் அனுப்பினார். போனேன். மூன்று பகுதியும் அவர் மடியில் இருந்தன. பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும். கதவடியில் பத்மா. அவளுடைய தாய் குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.

"பாதை ஓடாட்டி என்ன தம்பி? நீர் வாசிச்சனீர்தானே. முடிவைச் சொல்லும்."

"அது... எங்கடை சட்டப்படி..."

"உங்கடை சட்டம் உங்கடை கந்தோரிலை. இது என்ரை வீடு. சொல்லும்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் பத்மா பார்த்துக்கொண்டு நின்றாள். கதை இதுதான்: ஒரு ஜமீன்தார் மாடியறையில் செத்துக் கிடக்கிறார். அறை உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி. சந்தேகத்துக்கு ஒரு டாக்டர், ஒரு மருமகன், கண் தெரியாத ஒரு வீணை வாத்தியார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைப் பிடித்தேன்.

"டாக்குத்தர்தான் ஐயா கொலைகாரன்."

அவர் கொப்பியில் எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தார்.

"டாக்குத்தர் அண்டைக்கு இரவு மதராஸ் ரெயிலிலை எல்லோ போறார்? மூண்டாம் பகுதியிலை கிடக்கு."

"ரெயிலிலை போனது... அவரின்ரை தம்பி ஐயா. அச்சாய் ஒரே முகம்."

"தம்பி எண்டு ஒருத்தரும் கதையிலை இல்லையே?"

"நாலாம் பகுதியிலைதான் வாறார்."

எழுதினார். "சரி. கதவு உள்ளுக்கை பூட்டிக் கிடந்ததே. டாக்குத்தர் எப்பிடி வெளியாலை வந்தவர்?"

"அறைக்குக் கீழை ஒரு நிலவறை ஐயா."

பேனை நின்றது. "மாடியிலை நிலவறையோ தம்பி?"

"சுவருக்குள்ளாலை... கீழ் நிலவறைக்கு ஒரு ஏணி."

"வாசலிலை வீணை வாத்தியார் இருந்தவர். ஏணியிலை ஆள் இறங்கின சத்தம் அவருக்குக் கேக்கேல்லையோ?"

"அவருக்குக் காதும் கேளாது ஐயா."

"வீணை வாத்தியாருக்கோ?"

"ஓம் ஐயா. அதுதான் கதையிலை பெரிய திருப்பம்."

கதவடியில் பத்மா சேலைத் தலைப்பால் வாயை மூடினாள். சிரிப்பா அழுகையா என்று பார்க்க எனக்குத் தெம்பில்லை. பொய் சொல்வது சுகமான வேலை என்று நினைப்பவர்கள், ஒரு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்கு முன்னால் அரை மணி நேரம் சொல்லிப் பார்க்க வேண்டும். நெல் மூட்டை சுமந்தாலும் இவ்வளவு அலுப்பு வராது. எனக்கு அந்தக் கதிரையிலேயே படுத்துத் தூங்க வேண்டும் போலிருந்தது.

அம்பலவாணர் கொப்பியை எடுத்து, நீதிமன்றக் குரலில் வாசித்தார். "மேற்படி நாவலை முழுவதுமாக வாசித்தவனாகிய நான் சொல்வதாவது: ஜமீன்தாரைக் கொன்றவர் டாக்குத்தர். அவர் போல் ரெயிலில் சென்றவர் அவரது தம்பி. டாக்குத்தர் மாடியறையிலிருந்து ஏணி வழியாக நிலவறைக்கு இறங்கினார். வீணை வாத்தியாருக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேளாது. இவை யாவும் உண்மை." பிறகு கொப்பியை என்னிடம் நீட்டினார். "சரியெண்டால் கையொப்பம் வையும்."

வைத்தேன். களைத்துப்போன மனிதன் எதிலும் கையொப்பம் வைப்பான்.

மை காயவில்லை, படலையடியில் சத்தம். பார்த்தால் நிசாம் மாஸ்டர்! தலையிலிருந்து கால்வரை நனைந்து, பால்மாத் தகர ரின் ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி ஓடிவந்தார். கட்டிலில் அம்பலவாணர் நிமிர்ந்து இருப்பதைக் கண்டதும் திகைத்து நின்றுவிட்டார்.

"அல்லாவே, நீங்க நல்லாத்தானே இருக்கிறீங்க! சாகக் கிடக்கிற மனிசன், கொலைகாரனை அறிஞ்சாப் பிறகுதான் கண்ணை மூடுவாராம் எண்டு கொண்டக்டர் சொன்னாரே! பாதை ஓடல்லை. மீன் தோணி ஒண்டைப் பிடிச்சு வந்தனான்." ரின்னைத் திறந்து, நனையாமல் இருந்த மண்ணிறப் பொதியை எடுத்துக் கொடுத்தார்.

எனக்காகக் காற்றில் தோணி ஏறிய மனிதர் அதோடு நின்றிருக்கலாம். நல்ல மனது, நிற்கவில்லை.

"சிவம் ரெண்டு வருசமா ஒரு கடைசிப் பகுதியும் எடுக்க வரல்லை ஐயா. முதல் புத்தகத்துக்கு வந்ததோட சரி. அப்பிடிப்பட்ட ஆளே கேட்டனுப்பினால் எவ்வளவு அவசரமா இருக்கும் எண்டுதான் ஓடி வந்தனான்!"

பத்மாவின் தாய் மாஸ்டருக்குத் துவாய் எடுத்துக் கொடுத்தார். எனக்கு வைத்த தேத்தண்ணியையும் எடுத்து அவரிடமே கொடுத்தார்.

அம்பலவாணர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எழும்பி ஓடியிருப்பேன். பொதியை என் கையில் கொடுத்து, "வாசியும், எல்லாருக்கும் கேக்க" என்றார். வாசித்தேன். அறுபது பக்கம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அறுபது பக்கத்தை நான் கண்டதில்லை. கடைசியில் பார்த்தால், ஜமீன்தாரை ஒருவரும் கொல்லவில்லை. வாழ்க்கை வெறுத்துத் தானே நஞ்சு குடித்தாராம்.

"இவ்வளவுதானோ?" என்றார் அம்பலவாணர். "இதுக்கோ இந்த மனிசன் தோணியிலை வந்தவர்? தம்பி, உம்மடை பொய் இதைவிடத் திறம்."

நான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

"ஆனால் பொய்க்காரனுக்கு மகளைக் குடுக்க ஏலாது," என்றார் அடுத்து. "இவர் ரெண்டு வருசமா எடுக்க வராத மிச்சம் எவ்வளவு மாஸ்டர்?"

"என்ரை பெட்டிக்குள்ள இன்னும் பதினொண்டு கிடக்கு," என்றார் மாஸ்டர், துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டு.

தீர்ப்பு அதுதான். பதினொரு கடைசிப் பகுதியையும் நான் ஒவ்வொன்றாகப் போய் எடுத்து, வாசித்து, அவருக்கு ஒப்புவிக்க வேண்டும். அதற்குப் பிறகு பார்ப்போம். படலைவரை வந்த பத்மா, "ஒரு முடிவுமோ வாசிக்கேல்லை?" என்று கேட்டாள். "பாதையிலை நிண்டு களைச்சுப் போனன்" என்றேன், அன்று முழுவதும் நான் சொன்ன ஒரே உண்மையாக. "அப்ப இனிக் களையாமல் போங்கோ, நான் இருப்பன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பதினொரு சனிக்கிழமை பாதை ஏறினேன். பதினொரு ஞாயிற்றுக்கிழமை விசாரணைக் கதிரையில் இருந்தேன். கலியாணம் நடந்தது. கலியாண வீட்டில் மாமா என் வாக்குமூலத்தை நீதிமன்றக் குரலில் வாசித்துக் காட்டினார். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யார் என்ன சாக்குச் சொன்னாலும், "மாடியிலை நிலவறையோ?" என்பதுதான் பதில். அரிசி ஏன் அடிப்பிடித்தது, பள்ளிக்கூட அறிக்கையில் ஏன் கையொப்பம் இல்லை, எல்லாவற்றுக்கும் அதுதான். வேறு எதற்கும் எனக்கு அவ்வளவு பேர் கிடைத்ததில்லை.

மாமா போன மாசியில் காலமாகிவிட்டார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று வாழையிலை வாங்க என்னை அனுப்பினார்கள். திரும்பி வர வெகுநேரமாகிவிட்டது. இலைக்காகச் சனம் காத்திருந்தது. நான் முற்றத்தில் நின்று, சைக்கிள் ரயர் காற்றுப் போனது, ஒட்டுகிற கடை பூட்டிக் கிடந்தது, கடைக்காரர் கோவிலுக்குப் போயிருந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். எட்டு நாளாக ஒரு வார்த்தையும் பேசாமல் மூலையில் சுருண்டிருந்த மாமி தலையை நிமிர்த்தினார்.

"மாடியிலை நிலவறையோ தம்பி?"

முதலில் பத்மா சிரித்தாள். பிறகு மாமி. பிறகு செத்தவீடு முழுவதும் சிரித்தது. எல்லாருடைய கண்ணிலும் தண்ணீர், என் கண்ணிலும்தான். அன்றைக்கு நான் சொன்னதெல்லாம் உண்மை. ரயர் உண்மையிலேயே காற்றுப் போனது. இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை.