கோளாறு விரலில்தான்

மெஷின் மூன்றாவது தடவையும் சிவப்பு விளக்கைக் காட்டியது.

"விரலை நல்லா அழுத்துங்க" என்றார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குடியேற்ற அதிகாரியம்மா.

மெக்கானிக் மாவு பிசைகிறவரைப் போல அழுத்தினார். மறுபடியும் சிவப்பு.

முதன்முதலாக வெளிநாட்டு மண்ணை மிதிக்க வந்த மனுஷர். மிதிக்க விட்டால்தானே. ரேகை விழுந்தால்தான் முத்திரை, முத்திரை விழுந்தால்தான் வாசல். வாசலில் கம்பெனி டிரைவர் பெயர் அட்டையோடு நிற்பார். ஏதோ ஓர் அரசாங்க இடத்தில் மெஷின்கள் எல்லாம் மக்கராம், மூன்று மாத ரிப்பேர் வேலை. "இதை முடிச்சுட்டு வா, உன்னை நிரந்தரமாக்கறேன்" என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகப் பதினொரு வருஷம் தவம் கிடந்தவர் இவர்.

"கை காஞ்சிருக்கும்" என்று பின்னால் நின்ற பெண்மணி இரக்கப்பட்டுக் கிரீம் கொடுத்தார். மெக்கானிக் தாராளமாகப் பூசிக்கொண்டு விரலை வைத்தார். விரல் வழுக்கிக்கொண்டு ஓடி, மெஷின் முழுக்கப் பிசுக்கு. அதிகாரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தார்.

"கை கழுவிட்டு வந்துடறேன் மேடம்."

வெந்நீரில் ஊற ஊறக் கழுவினார். திரும்பி வந்தபோது விரல்கள் வற்றல் மாதிரி சுருங்கியிருந்தன. இந்தத் தடவை மெஷினில் 'கையை வைக்கவும்' என்று எழுத்து வந்தது. தன் கை அங்கேதான் இருக்கிறதா என்று அவரே ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் அதிகாரியம்மாவின் முழங்கால் மேசையில் இடித்தது. பச்சை விளக்கு ஒரு கணம் மின்னி அணைந்தது. மெக்கானிக்குக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அடியில் ஒயர் லூஸ். அவருக்குக் கை துறுதுறுத்தது, வாய் அதைவிட.

ஆனால் கிளம்பும்போது மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "எதைப் பார்த்தாலும் ரிப்பேர்னு சொல்ற புத்திய இங்கயே விட்டுட்டுப் போங்க. நுணலும் தன் வாயால கெடும். எது நடந்தாலும், தப்பு என் மேலதான்னு சொல்லிடுங்க. என்கிட்ட சொல்ற மாதிரியே."

வரிசை முணுமுணுக்கத் தொடங்கியதும் மேலதிகாரி வந்தார்.

"கோளாறு மெஷின்லயா, உங்க விரல்லயா?"

"விரல்லதான் சார். மெஷின் தங்கம். இருபது வருஷமா ஸ்பேனர் பிடிச்சு என் ரேகைதான் தேஞ்சுபோச்சு."

மேலதிகாரியின் முகம் மலர்ந்தது. "நான்தான் சிபாரிசு பண்ணி இதை வாங்க வெச்சேன். வர்றவன் போறவன் எல்லாம் குறை சொல்றான். நீங்க சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்க. ரேகை இல்லாமலே விட்டுடறேன்."

கொடுத்த தாளில் மெக்கானிக் மளமளவென்று எழுதினார். இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லை, பழுது பார்க்க அவசியமே இல்லை. கெத்தாக இருக்கட்டும் என்று, கீழே 'மெக்கானிக், இருபது வருட அனுபவம்' என்றும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது.

சுங்கத்தில் ஸ்பேனர் பையைக் கிளறியவர்களிடமும் "தப்பு என் மேலதான் சார்" என்றார். என்ன தப்பு என்று அவர்களுக்கும் தெரியவில்லை, போகச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே டிரைவர் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போனை அப்போதுதான் காதிலிருந்து எடுத்தார்.

"வாங்க தம்பி, போலாம். எந்த ஆபீஸ்?" என்றார் மெக்கானிக் நிம்மதியாக.

"போகவே வேணாம் சார். உள்ள ரேகை எடுக்கற மெஷின்களுக்குத்தான் உங்களை வரவழைச்சாங்க. அதுல ஒரு குறையும் இல்லைன்னு, இருபது வருஷ அனுபவமுள்ள மெக்கானிக் யாரோ இப்பதான் எழுதிக் கொடுத்துட்டாராம். சாயங்கால பிளேன்லயே உங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க."