கொம்ப்ரோ என்றால் வாங்குகிறேன்

தெரியாததைத் தெரியும் என்று சொல்வதில் எனக்கு ஒரு காலத்தில் அசாத்தியத் துணிச்சல் இருந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறையில் ஆபீஸ் வேலைக்கு விண்ணப்பித்தபோது, 'ஸ்பானிஷ் தெரியும்' என்று எழுதிவைத்தேன். (போனில் நாலு நாள் படிச்சிருந்தேன். முழுப்பொய்யின்னு சொல்ல முடியாது!)

வேலையில் சேர்ந்து ஆறு மாதம் கழித்து முதலாளி கலியமூர்த்தி சார் கூப்பிட்டார்.

"செல்வி, ஸ்பெயின்லேருந்து ஒரு அம்மா பொம்ம வாங்க வராங்க. நீதான் பேசணும்."

"போன்லயே மொழி மாத்திப் பேசலாமே சார்?"

"ஆளு இருக்கறப்ப போனு எதுக்கு?"

மூன்று நாள்தான் இருந்தது. ஒரே ஒரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டேன். கொம்ப்ரோ, வாங்குகிறேன். கொம்ப்ராஸ், வாங்குகிறாய். கொம்ப்ரா, வாங்குகிறார். (மரியாதையா 'வாங்குறீங்க'ன்னு சொல்லவும் இதுதான்.) கொம்ப்ராமோஸ், வாங்குகிறோம். நம் தமிழைப் போலவே முடிவு மாறினால் ஆள் மாறிவிடும். கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் நான் முணுமுணுத்ததைக் கேட்டு, பக்கத்திலிருந்த அம்மா எழுந்துபோய் வேறு சீட்டில் உட்கார்ந்தார்.

அந்த ஸ்பெயின் அம்மா எலேனா பெரிய ஓலைத் தொப்பியோடு வந்து இறங்கினார். பயத்தில் எனக்கு மற்றதெல்லாம் மறந்து கொம்ப்ரோ மட்டும் நாக்கில் நின்றது. பீங்கான் யானையை நீட்டி, அவரைக் கைகாட்டி, "கொம்ப்ரோ!" என்றேன். 'நீங்கள் வாங்குகிறீர்கள்' என்று சொல்வதாக நினைப்பு.

அவர் விழித்தார். தொப்பியைத் தொட்டு ஏதோ கேட்டார்.

"ஸீ, ஸீ! கொம்ப்ரோ!" என்று வேகமாகத் தலையாட்டினேன்.

தயங்கித் தயங்கித் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"இன்னாம்மா, தொப்பியக் கழட்டிக் குடுக்கிறாங்க?" என்றார் சார்.

"அவங்க ஊரு மரியாதை சார்."

சார் விடுவாரா? தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து எலேனாவுக்குப் போர்த்தினார். பட்டறையே கைதட்டியது.

எலேனா தன் போனை எடுத்து அதில் பேசினார். அது கணீரென்று தமிழில் கேட்டது: "என் தொப்பியை ஏன் வாங்குகிறீர்கள்? யானை விற்பனைக்கு இல்லையா?"

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அந்த நொடியில்தான் சரியான சொல் வந்தது. "கொம்ப்ரா! உஸ்தே கொம்ப்ரா! நீங்கதான் வாங்குறீங்க!"

எலேனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஸீ! கொம்ப்ரோ!" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, யானையை எடுத்து அணைத்துக்கொண்டார்.

அவர் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனதும் சார் என்னைப் பார்த்தார். "வுடு, யானை வித்துடுச்சில்ல. மிச்ச வார்த்தையும் கத்துக்க."

கற்றுக்கொண்டேன். இப்போது ஸ்பெயின் கடிதங்களை எல்லாம் நான்தான் எழுதுகிறேன். ஆனால் வீட்டில் அந்த மரியாதை கிடையாது. காய்கறிக்குப் பையை எடுத்தால் போதும், கணவர் தொடங்கிவிடுவார்:

"செல்வி, வாங்கப் போறியா, விக்கப் போறியா? தெளிவா சொல்லிட்டுப் போ!"