டம்ளரும் இரண்டு காலி சீட்டும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஏராளம். ஆனால் அதற்குள் இருக்கும் மதர்போர்டு பலகையை, டயரில் காற்று பார்ப்பது போல விரலால் சுண்டி, காதை வைத்துக் கேட்டு வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் வீட்டுக்குக் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தார். அவர் பெயர் டம்ளர்.

நிஜப் பெயர் வேறு. அது ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். புதுக்கோட்டையிலிருந்து திருவரங்குளம், ஆலங்குடி, அறந்தாங்கி வழியாக மணமேல்குடி போகிற ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர் அவர். எஞ்சின் பெட்டி மேல் எவர்சில்வர் டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். மணமேல்குடியில் போய் நிற்கும்போது தண்ணீர் அப்படியே இருக்க வேண்டும். ஒரு சொட்டு சிந்தினாலும் அன்று வீட்டுக்கு வந்து யாரோடும் பேச மாட்டார்.

"நம்ம வண்டில புள்ளத்தாச்சி நின்னுக்கிட்டு வரும் சார். வயசானவுக வருவாக. தண்ணி சிந்துதுன்னா அவுக ஒடம்பு என்ன பாடு படும்?" என்பார். அவர் வண்டிக்காக இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருக்கும் ஜனங்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து வருகிறவர்கள் விசாரித்துக்கொண்டு வந்து ஏறுவார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கண்ணில் கோளாறு வந்தது. நேரே பார்த்தால் தெளிவு, இரண்டு பக்கமும் மங்கல். ஒருநாள் ஆலங்குடி வந்ததும் வலப்பக்கம் வந்த மோட்டார் சைக்கிள் அவருக்குத் தெரியவே இல்லை. கண்டக்டர் கத்தியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டம்ளர் வண்டியை ஓரங்கட்டி, சாவியைப் பிடுங்கிக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டார். பயணிகளை வேறு பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டியதாயிற்று. டாக்டர் இனிமேல் ஸ்டீயரிங்கையே தொடக்கூடாது என்றார். மணமேல்குடி வரை டிக்கெட் எடுத்தவர்களை நடுவழியில் இறக்கிவிட்டதுதான் அவர் ஓட்டிய கடைசி டிரிப். கண் போனதைக்கூட அவர் அவ்வளவாகச் சொன்னதில்லை. இறக்கிவிட்டதைத்தான் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்தக் கண்டக்டருக்குப் பட்டப்பெயர் விசில். அவன் பிறகு கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டான். போன இடத்தில் பொழுது போகாமல், கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டான். அதில் நாமே ஊர்களையும் ரோடுகளையும் செய்து சேர்க்கலாமாம். விசில் என்ன செய்தான் தெரியுமா? புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு முதல் மணமேல்குடி வரைக்கும் முழு ரூட்டையும் நினைவிலிருந்தே செய்துவிட்டான். திருவரங்குளம் டீக்கடை, ஆலங்குடி வளைவு, அறந்தாங்கிப் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கும் மாடு எல்லாம் இருந்தன. செய்து முடித்துவிட்டு டம்ளருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, ரோடு ரெடி. நீங்க வண்டி வாங்குங்க."

கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கவாட்டு என்பதே கிடையாது, எல்லாம் நேரேதான். டம்ளர் அன்று மாலையே மாடி ஏறி வந்தார். "சார், நீங்க பத்திரிகையில எழுதுறவுக. இங்கிலீசு தெரியும். எனக்கு ஒரு கம்ப்யூட்டர் சொல்லுங்க. ஒரே கண்டிசன். ஜெர்க் அடிக்கக்கூடாது."

எனக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்ததெல்லாம் டைப் அடிப்பதும், அடித்ததைத் தொலைப்பதும்தான். இருந்தாலும் தெரியாது என்று சொல்ல மனம் வராமல் அவரோடு கீழ ராஜ வீதிக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

கடையை நடத்தியவர் ஒரு பெண். பொறுமைசாலி. அவருடைய பொறுமை எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்கும். விளையாட்டு பெரியது, ரூட்டும் பெரியது, சாதாரண வேகத்தில் படம் விட்டுவிட்டுத்தான் ஓடும், அதனால் கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேலே தூக்கி ஓட்ட வேண்டும், அதற்கு ஓவர்கிளாக் என்று பெயர் என்று விளக்கினார்.

"ஆனா எல்லா மதர்போர்டும் அதுக்கு விடாதுண்ணே. சிலதுல வேகத்தைக் கூட்ட முடியாம பூட்டுப் போட்டிருப்பாங்க."

"ஸ்பீடு கவர்னரா!" என்று டம்ளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பஸ்ஸில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டியதிலிருந்து அதன் மேல் அவருக்குத் தீராத பகை. "அது இல்லாத வண்டியா எடு தங்கச்சி."

இரண்டு போர்டுகள் மேசைக்கு வந்தன. ஒன்று கோயில் திருவிழா மாதிரி கலர் விளக்குகளோடு இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. இன்னொன்று கறுப்பாக, அழுமூஞ்சியாக, பிராசஸரைச் சுற்றிக் கனத்த உலோகக் கட்டிகளோடு இருந்தது. டம்ளர் கறுப்பைக் கையில் வாங்கி எடை பார்த்தார். கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தார். உலோகக் கட்டியைச் சுண்டிவிட்டுக் காதை வைத்தார்.

"அண்ணே, இது பஸ் இல்லண்ணே!" என்றார் கடைக்காரப் பெண்.

"இந்தக் கட்டி எதுக்கு?"

"கரண்டு போற எடம் சூடாகும். அந்தச் சூட்டை இழுக்குறதுக்கு."

"அப்ப இதுதான். சூடாகாத வண்டிதான் ஊரு போய்ச் சேரும். லைட்டுப் போட்ட வண்டி கல்யாணத்துக்குப் போகட்டும்."

கடைக்காரப் பெண் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். சரியான தேர்வாம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. யோசித்தால், எல்லோரும் புதுச் சாமானை இப்படித்தான் வாங்குகிறோம். கையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு அளவுகோலை வைத்துப் பார்க்கிறோம். என்னுடையது கலர் விளக்காக இருந்தது, அவ்வளவுதான்.

வம்பு, ராம் என்கிற மெமரி அட்டை வாங்கும்போது வந்தது. போர்டில் ராம் சொருக நாலு இடம். "ரெண்டு போதும்ணே. நல்ல வேகமான ரெண்டாப் போட்டா ஜம்முனு ஓடும்" என்றார் கடைக்காரப் பெண்.

"நாலு சீட்டு இருக்கைல ரெண்டு பேரை வச்சு வண்டி எடுக்கச் சொல்றியா? நான் தனியார் வண்டி ஓட்டுனவன் தங்கச்சி. சீட்டு ரொம்பாம பஸ் ஸ்டாண்டை விட்டு நகந்ததே இல்ல."

"நாலும் போட்டா லோடு கூடும்ணே. அந்த வேகம் தாங்காது. கொரோனா காலத்துல உக்காந்த மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணு இருக்கட்டும்."

"கொரோனாலதான் பாதி மொதலாளிமாரு வண்டியவே வித்தாக" என்று நாலையும் வாங்கிக்கொண்டார். போர்டுக்குச் சந்தனப் பொட்டு வைக்கப் பார்த்தவரை அந்தப் பெண் கையைப் பிடித்துத் தடுத்தார். பொட்டு கம்ப்யூட்டர் பெட்டிக்கு வெளியே வைக்கப்பட்டது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெட்டி மேல் தண்ணீர் டம்ளர் ஏறியது. உள்ளே கரண்டு, மேலே தளும்பத் தளும்பத் தண்ணீர். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தனியாக அழைத்து, "தம்பி, இது வெடிக்குமா? வெடிக்கும்னா சொல்லிருங்க, நான் மணமேல்குடிக்கு எங்கக்கா வீட்டுக்குப் போயிர்றேன்" என்றார்.

வெடிக்கவில்லை. அதற்கு முதலில் ஓட வேண்டுமே? நாலு ராமையும் வைத்து முழு வேகத்தைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் உயிர் வந்து, போர்டின் ஓரத்தில் ராமுக்கான சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு அணைந்தது. மறுபடி உயிர் வந்தது, அணைந்தது. வேகத்தைக் குறைத்தால் ஓடியது. ஆனால் ஆலங்குடி கடைவீதிக்குள் நுழைந்ததும் படம் விக்கி விக்கி நின்றது. டம்ளர் முகம் சுண்டிவிட்டது. "மறுபடி ஆலங்குடியிலயா நிக்கணும்?" என்றார்.

போனில் கடைக்காரப் பெண் தெளிவாகவே சொல்லிவிட்டார். நாலு ராம் வேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும், வேகம் வேண்டுமென்றால் இரண்டைக் கழற்ற வேண்டும். இதற்கு நடுவில் வழியில்லை. நான்கூடச் சொன்னேன், அக்கா சொன்னார். மனிதர் கழற்ற மாட்டேன் என்றார். பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை விசிலுக்கு விடுமுறை. அன்று காலை முதல் டிரிப் என்று முடிவாகியிருந்தது. டம்ளர் குளித்து, காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னலோரம். போனில் வீடியோவில் விசில், கழுத்தில் விசிலோடு. கம்ப்யூட்டர் உயிர் வந்தது, சிவப்பு விளக்கு, அணைந்தது.

"அண்ணே, ரெண்டை எறக்கி விட்டுட்டு எடுங்கண்ணே" என்றான் விசில்.

டம்ளர் சட்டென்று திரும்பினார். "டேய், ஏறி உக்காந்தவுகள எறக்கி விடுற பொழப்பு நமக்கு ஒரு தடவ போதும்டா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு அந்த நாலும் ராம் இல்லை. போனுக்குள் விசில் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டு வந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே. அன்னைக்கு நீங்க சாவியைக் குடுத்துட்டு டீக்கடைல போய்த் தலையைக் குனிஞ்சு உக்காந்துட்டீக. அடுத்து நடந்ததை நீங்க பாக்கல. நான் பாத்தேன். நாந்தானே அத்தனை பேரையும் பின்னாடி வந்த வண்டில ஏத்திவிட்டேன். ஒருத்தர்கூட மொகஞ் சுளிக்கலண்ணே. ஒரு புள்ளத்தாச்சி இருந்துச்சுல்ல, அது ஏறுறப்ப என்ன கேட்டுச்சு தெரியுமா? டிரைவரண்ணனுக்கு ஒண்ணுமில்லயே, யாரும் கூட இருக்காங்களான்னு கேட்டுச்சு. எல்லாரும் வீடு போய்ச் சேந்துட்டாகண்ணே. நீங்கதான் இன்னும் ஆலங்குடியிலயே உக்காந்திருக்கீக."

டம்ளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். அக்கா அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார். எனக்கோ, சொல்வதற்கென்ன, அழுதுவிடுவேன் போலிருந்தது.

அப்புறம் அவர் தண்ணீர் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு ராமை நோகாமல் கழற்றினார். கீழே வைக்க மனம் வரவில்லை. அக்காவிடம் சுத்தமான துண்டு கேட்டு வாங்கி, அதன் மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குனிந்து அவற்றிடம், "பின்னாடியே வண்டி வருது. அதுல வாங்க" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பெட்டியை மூடி, தண்ணீர் டம்ளரை மறுபடி மேலே வைத்துப் பிளக்கைச் சொருகினார். சிவப்பு விளக்கு வரவில்லை. திரையில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வந்தது. கத்தாரிலிருந்து விசில் சத்தம் கேட்டது. "ரைட், ரைட்!"

திருவரங்குளத்தில் நிறுத்தி எடுத்தார். ஆலங்குடி கடைவீதிக்குள் நுழையும்போது நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. படம் விக்கவே இல்லை. அன்று ஓரங்கட்டிய அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, அந்த ஆலங்குடி டீக்கடையை ஒரு பார்வை பார்த்தார். விசில் ஊதினான். வண்டி நகர்ந்தது. அறந்தாங்கியில் மாடு எழுந்து வழி விட்டது. அதற்குப் பிறகு மணமேல்குடி வரும் வரைக்கும் வண்டி ஒரே சீராகப் போனது. பெட்டி மேலிருந்த டம்ளரில் தண்ணீர் தளும்பியபடி அப்படியே இருந்தது. வீடு அசையாதபோது அது எப்படிச் சிந்தும் என்று கேட்கத் தோன்றியது, ஆனால் அவர் அதைப் பார்த்த பார்வையைக் கண்டபின் கேட்கவில்லை.

வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பினார். "சார், கடைசி ஸ்டாப்பு. மணமேல்குடி. எறங்குங்க."

நான் பிளாஸ்டிக் நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"எனக்கு இங்கிட்டு வேலை ஒண்ணும் இல்லண்ணே. ஒங்க வண்டில வரத்தான் வந்தேன். திருப்புங்க, போவோம்" என்றேன்.