பொத்தான் வைத்து ஒரு போக்கர்

பின்னறை எனக்குத்தான்! இந்த வீட்டில் எனக்கென்று ஒரு கதவு, அதற்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்! ஒரு திங்கட்கிழமை பல் துலக்கிக்கொண்டே இந்தச் சபதத்தை எடுத்தேன். சத்தமாக எடுக்கவில்லை. மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள்.

அவளுக்கும் அதே அறை மேல்தான் கண். அவள் தையற்காரி. ஹாலில் மெஷின், சோபாவில் துணி, நான் உட்காருமிடமெல்லாம் ஊசி. அவளை வாதாடி ஜெயிக்கப்போகிறவன் இன்னும் பிறக்கவில்லை. நான் ஏற்கெனவே பிறந்துவிட்டதால் எனக்கு அந்த வாய்ப்பும் போயிற்று.

ஆகவே, போக்கர்!

நான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுப்பவன். சக்கரம் ஓடிய ஓட்டத்தை வைத்தே, விருந்தாளி வந்தாரா, எத்தனை நாள் தங்கினார் என்று சொல்லிவிடுவேன். மீட்டரைப் படிப்பவனால் மனைவியைப் படிக்க முடியாதா? போக்கரில் சீட்டைவிடப் பெரிது, எதிராளி எப்போது எவ்வளவு பந்தயம் வைக்கிறார் என்பது. அந்தப் பழக்கத்தைப் பிடித்தால் ஆளையே பிடித்த மாதிரி.

ஞாயிறுதோறும் மதியம் ஆட்டம். பந்தயத்துக்கு அவளுடைய சட்டைப் பொத்தான்கள், ஆளுக்கு ஐம்பது. தோற்றவர் அந்த வாரம் பாத்திரம் தேய்க்க வேண்டும். அதுவரை யார் தேய்த்தார்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

முதல் ஞாயிறே பிடித்துவிட்டேன்! நல்ல சீட்டு வந்தால் மெதுவாக இரண்டு பொத்தான் வைப்பாள். அப்புறம் நாலு. அப்புறம் எட்டு. குப்பை வந்தாலோ, என்னை மிரட்ட, எடுத்த எடுப்பிலேயே ஒரு கைப்பிடி அள்ளி வீசுவாள். நாலு ஞாயிறு, ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பொத்தான் மழை!

"எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?"

"அதெல்லாம் ரீடிங்மா, ரீடிங்."

"எனக்கு அளவெடுக்கத்தான் தெரியும். உங்க மூளை எனக்கு வருமா?"

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என் மூளையைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. சும்மா இருப்பேனா?

"அடுத்த ஞாயிறு பின்னறையை வச்சு ஆடுவோமா?"

"ஐயோ, வேணாங்க. தோத்துடுவேன்."

"பயமா?"

"பயந்தான். ஆனா ஆடினா அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"நானா மாறுவேன்? எழுதியே தரேன்!"

எழுதினேன். மாடி வீட்டு மருந்துக்கடைக்காரரைச் சாட்சிக்கு அழைத்தேன்.

"சார், நல்லா யோசிச்சீங்களா?"

"நீங்க கையெழுத்தைப் போடுங்க."

ஞாயிறு வந்தது. யார் பொத்தான் தீருகிறதோ அவர் அவுட். ஒரு மணி நேரம் இரண்டு வைத்தாள், எடுத்தாள். நானும் வைத்தேன், எடுத்தேன். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அப்புறம் அந்தக் கை வந்தது. எனக்கு ஒரு ராஜா. பக்கத்திலேயே இன்னொரு ராஜா!

அவள் சீட்டைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். கைப்பிடி அள்ளினாள். இல்லை, இரண்டு கையாலும் அள்ளினாள். இருந்த அத்தனை பொத்தானையும் மேசை நடுவில் கொட்டினாள்!

குப்பை! சுத்தக் குப்பை! என் நெஞ்சு மெஷினைவிட வேகமாக ஓடியது.

"சார், கொஞ்சம் நிதானம்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நீங்க சாட்சி மட்டும்தான்!" என்று சொல்லிவிட்டு என் ஐம்பதையும் தள்ளினேன். இரண்டு ராஜாக்களையும் டப்பென்று போட்டேன்.

அவள் ஒவ்வொன்றாய் வைத்தாள். ஏழு. ஏழு. ஏழு.

"மூணு ஏழு, ரெண்டு ராஜாவைவிடப் பெருசுதானேங்க?"

"கைப்பிடியா அள்ளினியே!"

"நாலு வாரம் குப்பையை வச்சுக்கிட்டு அள்ளி அள்ளித் தோத்தேன். நீங்களும் அதையே பார்த்துப் பழகிட்டீங்க. இன்னைக்கு நல்ல சீட்டு வர்ற வரைக்கும் காத்திருந்தேன், அவ்வளவுதான்."

"அப்ப நாலு வாரம் பாத்திரம் தேய்ச்சது?"

"முதலீடுங்க."

வாசலில் மணி அடித்தது. தச்சர், துணி வெட்டும் பெரிய மேசையோடு நின்றார். "பின்னறைக்குத்தானேம்மா? சார், இந்தக் காலைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தேன். வேறு யார் காலைப் பிடித்தும் இனிப் பயனில்லை. மேசையை இறக்கி வைத்துவிட்டு ரசீதைப் பார்த்தேன்.

ஆர்டர் கொடுத்த தேதி, நான் முதன்முதலாக ஜெயித்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள்.