அட்டவணையார் கன்ரி மியூசிக் மியூசியத்துக்குப் போன கதை

டென்மார்க்கிலுள்ள அத்தனை தமிழரையும் குறித்த நேரத்துக்கு ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்தக்கூடிய ஒரே மனிதர், கிரின்ஸ்டெட்டில் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த அட்டவணையார்தான். கோயில் ஐயராலும் முடியாது, பெற்ற பிள்ளைகளாலும் முடியாது, இவரால் முடியும். காரணம், இவர் ஒருவருக்கும் உண்மையான நேரத்தைச் சொன்னதில்லை.

சொந்தப் பெயர் அவருடைய சம்பளத் துண்டில் மட்டும்தான் இருந்தது. கலியாணமோ, கடற்கரைப் பயணமோ, எங்கள் சனம் கூட்டாக வெளிக்கிடுவதென்றால் அட்டவணை போடுவது அவர் வேலை. கிரின்ஸ்டெட்டில் பஸ்ஸை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. கார்களும் வான்களுமாகச் சேர்ந்துதான் போகவேண்டும். ஒரு வீடு பிந்தினால் எல்லாரும் பிந்துவோம். அதனால் எந்தக் குடும்பம் எவ்வளவு பிந்தும் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். எட்டு மணிக்கு வெளிக்கிட வேண்டுமென்றால் எனக்கு ஏழேகால் என்பார். கதவைப் பூட்டிய பிறகு, அடுப்பை அணைத்தாயிற்றா என்று பார்க்க என் மனைவி திரும்ப உள்ளே போவாள். அந்த எட்டு நிமிடமும் கணக்கில் உண்டு. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரர் நேரத்துக்கு வந்துவிடுவார்கள், ஆனால் காருக்குள் ஏறியபின் பயண ஜெபம் இருக்கிறது. அதற்கு ஒரு கால் மணித்தியாலம். சேலைக்குப் பொருத்தமான சங்கிலி தேடுகிற இன்னொரு குடும்பத்துக்கு நேரே ஆறு மணி.

ஒருநாள், ஒரு பிறந்தநாள் விழாவில், என் மனைவி அவரைப் பிடித்துவிட்டாள்.

“அண்ணை, எங்களுக்கு ஏன் ஏழேகால், பக்கத்து வீட்டுக்கு ஏழே முக்கால்?”

“அவை கிட்ட இருக்கினம், தங்கச்சி.”

“எங்களுக்கும் அவைக்கும் நடுவிலை ஒரு சுவர்தானே அண்ணை இருக்கு.”

“தடிச்ச சுவர்,” என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அதோடு குட்டு வெளிப்பட்டுவிட்டது. அவர் ஏழு என்றால் நாங்கள் ஒன்பது என்று எடுத்துக்கொண்டோம். நாங்கள் ஒன்பது என்று எடுப்போமென்று அவர் ஐந்து என்றார். ஐந்து மணிக்கு மாடு கூட எழும்பாது அண்ணை என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டு பழையபடி பிந்திப் போனோம். இப்படியே வருடங்கள் ஓடின.

இந்தப் பயணங்களில் ஒருவர் மட்டும் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. அது அட்டவணையாரின் மனைவி, சறோ அக்கா. வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கிற வேலை அவவுக்கு. தினமும் போகும் ஒரு வீட்டில் ஒரு டேனிஷ் மூதாட்டி காலையிலிருந்து கன்ரி மியூசிக்தான் போட்டுவிடுவாராம். குதிரையும் ரெயிலும் தனிமையுமாக ஓடுகிற அந்த அமெரிக்கப் பாட்டுகள் மெல்ல மெல்ல அக்காவையும் பிடித்துக்கொண்டன. தேங்காய்ப்பூ துருவும்போதுகூட அதைத்தான் முணுமுணுப்பா. ஆனால் கணவரோடு வாகனத்தில் போகும்போது அந்தப் பாட்டை ஒருநாளும் கேட்டதில்லை. முன் சீற்றில் யாராவது முழங்கால் வருத்தக்காரர் இருப்பார், அல்லது பின்னால் இருந்தால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும் என்கிற ஒருவர் இருப்பார். முன்னால் இருப்பவருக்குப் பிடித்த சினிமாப் பாட்டு ஓடும். அக்கா கடைசிச் சீற்றில், புட்டுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவா. நானே எத்தனை தரம் அந்த முன் சீற்றில் இருந்து வந்திருக்கிறேன். எனக்கு முழங்காலும் நல்லது, சத்தியும் வராது.

ஒருநாள் வேலை இடைவேளையில் அட்டவணையார் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஹொல்ஸ்டெப்ரோவுக்கு அங்காலை ஒரு கிழவர் மாட்டுக்கொட்டிலைத் திருத்திக் கன்ரி மியூசிக் மியூசியம் வைச்சிருக்கிறாராம். அவ எங்கேயோ வாசிச்சுப்போட்டுக் கேட்டவ. கலியாணம் கட்டி இத்தினை வரியத்திலை அவ வாய்விட்டுக் கேட்டது இதொண்டுதான். நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் போவமோ எண்டவ. நான் ஓம் எண்டிட்டன்.”

“நல்லது அண்ணை, போட்டு வாங்கோ.”

“ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.”

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவளும் ஒருவருக்கும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் மட்டும் சொன்னாள். அடுத்த ஞாயிறு அட்டவணையாரின் வீட்டு மணியை அடித்து நான்கு குடும்பங்கள் கேட்டுவிட்டன, “எங்களை விட்டிட்டோ போகப் போறியள்?” வருகிறேன் என்கிறவனை வேண்டாம் என்று சொல்ல எங்கள் சனத்துக்கு வாய் இல்லை. அவருக்கும் இல்லை. மாதம் முடிவதற்குள் பட்டியல் முப்பத்திநாலாகிவிட்டது.

மியூசியத்துக்குப் போன் எடுத்து எண்ணிக்கையை மாற்றும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். டேனிஷ் கிழவர் எண்ணிக்கையை இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். பிறகு, “நீங்கள் ஒரு இசைக்குழுவா?” என்று கேட்டார்.

“இல்லை, தெரிஞ்சாக்கள்,” என்றார் அட்டவணையார், களைத்துப்போன டேனிஷில்.

அன்று மாலை நான் அவரைக் காரில் கொண்டுபோய் வீட்டில் இறக்கினேன். என்னையும் உள்ளே கூட்டிப்போய் மனைவியிடம் விசயத்தைச் சொன்னார். சறோ அக்கா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். துருவலையைக் கழுவி வைத்துவிட்டு, “சரி, அப்ப எத்தினை பேருக்குப் புட்டு அவிக்கிறது?” என்று கேட்டா.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. அட்டவணையார் கொப்பியைத் திறந்தார், மூடினார், திரும்பவும் திறந்தார். “நீர் ஒண்டும் அவிக்காதையும்,” என்றார். “சாப்பாட்டை மற்றவை கொண்டுவருவினம்.”

வியாழக்கிழமை வட்ஸ்அப்பில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே செய்தி வந்தது. “சனிக்கிழமை காலை சரியாக எட்டு மணிக்குக் கடைத்தெருக் கார் தரிப்பிடத்திலிருந்து வெளிக்கிடுகிறோம்.” வீட்டுக்கு வீடு வேறு நேரம் இல்லை. மனிதனுக்கு வயது போய்விட்டது, கணக்குப் பார்க்கக் களைத்துவிட்டார் என்று பரிதாபப்பட்டோம்.

“எட்டு எண்டால் பத்து,” என்றாள் என் மனைவி.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போய்விட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை. ஒவ்வொரு வானாக வந்து சேர்ந்தது. முப்பத்திரண்டு பேரும் வந்தாயிற்று. ரோல்ஸ் வந்தது, கோழிக்கறி வந்தது, பயண ஜெபமும் முடிந்தது. அட்டவணையாரையும் சறோ அக்காவையும்தான் காணவில்லை.

“அண்ணையே பிந்தத் தொடங்கிட்டார்,” என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தோம்.

சரியாகப் பத்தேகாலுக்கு எல்லாருடைய போன்களும் ஒன்றாகச் சத்தமிட்டன. “நாங்கள் எட்டு மணிக்கே வெளிக்கிட்டு விட்டோம். உங்களுக்கு ஒரு மணிக்குப் பதிந்திருக்கிறேன். இன்னும் அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு வெளிக்கிட்டாலும் நேரத்துக்குச் சேருவீர்கள்.”

வாழ்க்கையில் முதன்முதலாக அந்த மனிதர் உண்மையான நேரத்தைச் சொல்லியிருக்கிறார். நாங்கள் ஒருவரும் நம்பவில்லை. யாரைக் குறைசொல்வது? செய்தியில் எட்டு என்று கொட்டை எழுத்தில் கிடக்கிறது. சங்கிலி தேடுகிற குடும்பத்துக்காரர் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். என் மனைவி மட்டும், “பாவம் அக்கா, சந்தோசமாப் போட்டு வரட்டும்,” என்றாள். பிறகு அவர் சொன்னபடியே அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு வெளிக்கிட்டோம். ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மாட்டுக்கொட்டில் வாசலில் நின்றோம்.

அவர்கள் அப்போதே கடற்கரைப் பக்கம் போயிருந்தார்கள். டேனிஷ் கிழவர் எங்களுக்குத் தொப்பிகளையும் சப்பாத்துகளையும் பழைய இசைத்தட்டுகளையும் காட்டினார். காலையில் வந்த அம்மாவுக்கு எல்லாப் பாட்டும் பாடமாம். அவர் கிற்றார் வாசிக்க, அவ கூடவே பாடினாவாம். அக்கா வாய் திறந்து பாடுவா என்று எங்கள் முப்பத்திரண்டு பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் அட்டவணையார் என் கண்ணைப் பார்க்காமல் கையுறையைப் போட்டார்.

“எல்லாரும் கோவமோ?”

“ஒருத்தருக்கும் கோவமில்லை அண்ணை. நான்தான் உங்களிட்டை மன்னிப்புக் கேக்கவேணும். கதையை வெளியிலை விட்டது நான்தான்.”

“எனக்குத் தெரியும்,” என்றார்.

“மியூசியம் எப்பிடி இருந்தது?”

எந்தப் பயணத்தையும் நிமிடக் கணக்கில் ஒப்புவிக்கிற மனிதர், போட்ட கையுறையைக் கழற்றித் திரும்பவும் போட்டார். “கிற்றார் கனக்க இருந்தது. தொப்பியும் இருந்ததெண்டு நினைக்கிறன். நான் வடிவாப் பாக்கேல்லை. அவ அதுகளைப் பாத்துக்கொண்டு நிண்டவ, நான் அவவைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டன்.”

சொல்லிவிட்டு, காது சிவக்கத் தன் மெசினுக்குப் போய்விட்டார்.

நான் தலைநகர்ப் பக்கம் டோஸ்ட்ருப்புக்கு வீடு மாறி வந்து மூன்று வருடமாகிறது. என் மனம் அந்த மனிசனைத் தேடுகிறது.